போன் அம்மா

வகுப்பில் அவளுக்குப் பெயரே அக்காதான். வைத்தவள் வாயாடி. அந்த வகுப்பில் தமிழ் பேசத் தெரிந்த இன்னொருத்தி அவள் மட்டும்தான். வேறு தேசத்தில் பிறந்து வளர்ந்தவள், இவளைவிட வயசில் நன்றாகச் சின்னவள், வாயைத் திறந்தால் மூடத் தெரியாது. முதல் நாளே வகுப்பின் அந்தக் கோடியிலிருந்து, "அக்கா, இங்க வாங்க, ஹீட்டர் பக்கத்துல இடம் பிடிச்சு வெச்சிருக்கேன்" என்று ஒரு கூப்பாடு போட்டாள். மற்ற பிள்ளைகள் அதுதான் இவளுடைய பெயர் என்று நினைத்துக்கொண்டார்கள். திருத்துவதற்குள் காரியம் கைமீறிப் போய்விட்டது. பேராசிரியரே "அக்கா, உன் படத்தில் வடக்கு எந்தப் பக்கம்?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார். தலை முழுக்க நரைத்த அந்த மனிதருக்கு, தன்னில் பாதி வயசுக்காரியை என்ன முறை வைத்துக் கூப்பிடுகிறோம் என்று கடைசிவரை தெரியாது. வாயாடி மட்டும் ஒவ்வொரு தடவையும் மேஜைக்கடியில் குனிந்து சிரித்துவிட்டு வருவாள்.

ஊரில் ஒரு கட்டட கான்ட்ராக்டரிடம் பிளான் போடும் வேலையில் இருந்தவள் இவள். வீடு கட்ட வருகிறவர்கள் எதிரில் உட்கார்ந்துகொண்டு, "சமையலறை கொஞ்சம் பெரிசா வேணும், ஆனா இடம் இவ்வளவுதான்" என்பார்கள். இவள் ஹாலிலிருந்து இரண்டடி திருடிச் சமையலறைக்குக் கொடுப்பாள். யாருக்கும் தெரியாது, எல்லாருக்கும் திருப்தி. அவள் போட்ட பிளானைக் கையில் வைத்துக்கொண்டு மேஸ்திரி தலையைச் சொறிந்ததாகச் சரித்திரம் இல்லை. கட்டாத வீடுகளுக்குப் படம் போட்டுக்கொண்டிருந்தவள், இப்போது விழுந்துபோன வீடுகளுக்குப் படம் போடப் படிக்க வந்திருந்தாள். பழைய கட்டடங்களைக் காப்பாற்றுகிற படிப்பு. உதவித்தொகையோடு இடம் கிடைத்திருந்தது.

தாலி கட்டியவனைப் பற்றி ஒரே ஒரு வரி சொல்லிவிட்டுத் தாண்டிவிடலாம், அதற்குமேல் அவனுக்குச் செலவு செய்ய மனமில்லை. குழந்தை பிறந்த வருஷமே வேறொருத்தியோடு போனான், திரும்பிப் பார்க்கவில்லை.

போனவனை நினைத்து அழுதுகொண்டிருக்க அவளுக்கு நேரமும் இல்லை, அவன் அதற்கு லாயக்கும் இல்லை. கான்ட்ராக்டர் கொடுக்கிற சம்பளத்தில் ஒரு குழந்தையை ஆளாக்க முடியாது என்பது மட்டும் உறைத்தது. வெளிநாட்டில் இடம் கிடைத்த செய்தி வந்தபோது குட்டிக்கு நடை பழகிய புதிசு. கட்டிலைப் பிடித்து நாலு அடி, சுவரைப் பிடித்து நாலு அடி. "இந்தப் பிஞ்சை விட்டுட்டு எப்படிப் போறது?" என்று இவள் படிப்பையே கைகழுவிவிட இருந்தாள். தங்கைதான் விடவில்லை.

"நீ போக்கா. நான் எதுக்கு இருக்கேன்? ரெண்டு வருஷம் கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள ஓடிடும்."

தங்கைக்குக் கல்யாணமாகி வெகுகாலம் ஆகியும் குழந்தை இல்லை. எதிர்ப்பட்டவர்கள் எல்லாம் "விசேஷம் ஒண்ணும் இல்லயா?" என்று கேட்டுக் கேட்டே அவள் விசேஷங்களுக்குப் போவதை நிறுத்தியிருந்தாள். அவள் வீட்டுக்காரர் மின்விசிறியும் மிக்ஸியும் பழுது பார்க்கிற கடை வைத்திருப்பவர். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். குட்டி வீட்டுக்குள் வந்த பிறகு அந்த மனிதர் மத்தியானத்தில் கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்கு வர ஆரம்பித்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

கிளம்புகிற அன்றைக்கு எல்லாரும் ஒரே மாதிரி யோசனை சொன்னார்கள். குழந்தை தூங்கும்போது கிளம்பிவிடு, முழித்தால் விடமாட்டாள். நல்லதுக்குத்தான் சொன்னார்கள். இவளும் தூங்குகிற குட்டியின் உள்ளங்காலை முகர்ந்து பார்த்துவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, திருடி மாதிரி வாசல் தாண்டினாள். அப்படிப் போகக்கூடாது என்று யாராவது ஒருத்தர் சொல்லியிருக்கலாம். தூங்கி எழுந்தால் அம்மா இல்லை என்றால் அந்த வயசுக் குழந்தை என்ன நினைத்துக்கொள்ளும்?

குட்டி நினைத்ததைச் சொல்லத் தெரியாமல் அழுதாள். அம்மா, அம்மா என்று கதவைத் தட்டி அழுதாள். போனில் இவள் முகத்தைக் காட்டினால் இன்னும் மோசம். போனுக்குப் பின்னால் போய்த் தேடுவாள், அங்கே இல்லையென்றதும் போனைத் தூக்கி எறிவாள். அப்படியே சில வாரங்கள். பிறகு ஒரு நாள் அழுது ஓய்ந்து, தங்கையின் தோளில் படுத்துக்கொண்டு, அவளைப் பார்த்து அம்மா என்றாள்.

தங்கை பதறிப்போய்விட்டாள். "சித்தி சொல்லு, சித்தி" என்று திருத்தினாள். குட்டி மறுபடியும் வீறிட்டாள். அன்றைக்கே போன் போட்டு, ஏதோ கடையில் திருடி மாட்டிக்கொண்டவள் மாதிரி தங்கை அதைச் சொன்னாள்.

"நான் சொல்லிக்கொடுக்கலக்கா. சத்தியமா நான் சொல்லிக்கொடுக்கல."

இவள் விடுதி அறையில், தலையணையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பெரிய மனசு பண்ணினாள். "அவ வாயை அடைக்காதடி. அம்மான்னே கூப்பிடட்டும். அழாம இருந்தா போதும். நான் வந்ததும் தானா சரியாயிடும்" என்றாள். அந்த ஒரு சொல்லைத் தங்கையிடம் கைமாற்றாகக் கொடுத்து வைப்பதாகத்தான் நினைத்தாள். அக்கம்பக்கத்தில் சர்க்கரை கைமாற்று கொடுப்பதில்லையா, அது மாதிரி.

குழந்தைக்குக் குழப்பம் வராமல் இருக்க ஒரு ஏற்பாடு செய்தார்கள். சித்தி, வீட்டு அம்மா. இவள், போன் அம்மா. சில மாதங்களில் வீட்டு அம்மாவிலிருந்து வீடு உதிர்ந்து வெறும் அம்மா ஆனது. போன் அம்மாவிலிருந்து போன் மட்டும் உதிரவே இல்லை. மிக்ஸி கடைக்காரரை அப்பா என்று கூப்பிடுவதற்குக் குட்டி யாரிடமும் அனுமதி கேட்கவில்லை, யாரும் ஆட்சேபம் சொல்லவும் இல்லை.

படிப்பு முடியும் தறுவாய்க்கு வந்தது. பேராசிரியருக்கு இவள் படம் போடுகிற கை பிடித்திருந்தது. தனக்குத் தெரிந்த ஒரு நிறுவனத்தில் சொல்லி வேலைக்கு ஏற்பாடு செய்திருந்தார். இவள் விடுதியை விட்டு, ஒரு ரொட்டிக்கடையின் மாடியில் சின்ன வீடு பார்த்தாள். ஜன்னலை ஒட்டி ஒரு குட்டிக் கட்டில் வாங்கிப் போட்டாள். மெத்தைக்கு உறை போட்டு, உறை கசங்காமல் இருக்க அதன்மேல் ஒரு துணியும் போட்டு மூடி வைத்தாள். வாயாடி வந்து பார்த்துவிட்டு, "அக்கா, கல்யாணப் பொண்ணு ரூம் மாதிரி வெச்சிருக்கீங்க" என்றாள். பட்டம் வாங்கியதும் ஊருக்குப் போவது, குட்டியைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிடுவது. அவள் இந்த இரண்டு வருஷமும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்ததே அதற்குத்தான்.

தங்கையிடம் சொன்னபோது, குட்டி போர்வையை உதைத்துவிட்டாளா என்று அவள் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

"ரொம்ப சந்தோஷம்க்கா" என்றாள் பிறகு. "வந்து கொஞ்ச நாள் இங்க இருந்து பழக்கிட்டுக் கூட்டிட்டுப் போ. திடீர்னு தூக்கிட்டுப் போயிடாத."

"உன்கிட்டேர்ந்து பிடுங்கிட்டா போறேன்? என்னடி பேசற?"

"சும்மா சொன்னேன்க்கா."

சும்மா சொல்லவில்லை என்பது இவளுக்குத் தெரியாமலா இருக்கும்? தெரிந்தது. தெரிந்ததைத் தெரியாத மாதிரி வைத்துக்கொண்டாள். ஒரு கண்ணில் வெண்ணெய், ஒரு கண்ணில் சுண்ணாம்பு வைக்க அவளால் முடியாது, தங்கை கூடப்பிறந்தவள். ஆனால் பெற்றவள் இவள் அல்லவா?

இதற்கிடையில் குட்டி போனுக்கு வருவதே குறைந்துபோயிருந்தது. "போன் அம்மா கூப்பிடறா பாரு" என்றால் மேஜைக்கு அடியில் ஓடுவாள். ஒரு வார்த்தை பேசுவாள், பொம்மைக்குச் சாப்பாடு கொடுக்கணும் என்று போய்விடுவாள். மூணு வயசுக்காரிக்கு அவ்வளவு வேலை. இவள் தினமும் புதுசு புதுசாக ஆசை காட்ட வேண்டியிருந்தது. பனி பெய்வதைக் காட்டினாள், இரண்டு மாடி பஸ்ஸைக் காட்டினாள். எல்லாம் ஒரு நிமிஷத்துக்குத்தான் தாங்கியது.

அப்போதுதான் வகுப்பை ஒரு பழைய நகரத்தின் இடிபாடுகளைப் பார்க்கக் கூட்டிக்கொண்டு போவதாக அறிவிப்பு வந்தது. மண்ணுக்குள் புதைந்து கிடந்த ஊர். தோண்டி எடுத்து வைத்திருந்தார்கள். இவளுக்கு உடனே தோன்றியது குட்டிதான். ஒரு வாரமாகத் தங்கையிடம் சொல்லிச் சொல்லிக் குட்டிக்கு ஆசை ஏற்றி வைத்தாள். போன் அம்மா உடைஞ்ச வீடு காட்டப் போறா, ஊரு முழுக்க உடைஞ்ச வீடு. குட்டிக்கு அது பிடித்துவிட்டது. உடைப்பது என்றால் அவளுக்குத் தனிப் பிரியம்.

விடியும் முன்னால் கிளம்பிய பஸ் முற்பகலில் போய்ச் சேர்ந்தது. கூரை என்று எங்கேயும் ஒன்று கிடையாது. வானத்துக்குக் கீழே சுவர்கள், சுவர்கள், சுவர்கள். சில இடத்தில் முழங்கால் உயரம், சில இடத்தில் ஆள் உயரம். நடுவில் தெரு போயிற்று, தெருவோரம் சாக்கடை போயிற்று. எல்லாம் ஒழுங்காகத்தான் கட்டியிருந்தார்கள். மேஸ்திரி கெட்டிக்காரன் என்று அவளுக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

பேராசிரியர் ஆளுக்கொரு வீடு பிரித்துக் கொடுத்தார். இவளுக்கும் வாயாடிக்கும் மூலையில் ஒரு சின்ன வீடு. வாயாடி டேப்பின் நுனியைச் சுவர் மூலையில் வைத்து அழுத்திக்கொள்ள, இவள் மறுமுனையில் அளவைப் படித்தாள், எழுதினாள். வாசல், முற்றம், இரண்டு அறை. உள்ளே ஓர் அடுப்பு. அடுப்பின் கல் இன்னும் கறுப்பாகவே இருந்தது. வாயாடி அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இவ்வளவு சின்ன அடுப்பா? டயட்ல இருந்திருப்பாங்க போல" என்றாள். இவள் சிரித்தாள். அன்றைக்கு அவளுக்கு எதற்கெடுத்தாலும் சிரிப்பு வந்தது. மத்தியானம் சாப்பாட்டு இடைவேளை எப்போது வரும் என்று இருந்தது. ஊரில் அப்போது சாயங்காலம் ஆகியிருக்கும், குட்டி பள்ளிக்கூடம் விட்டு வந்து முகம் கழுவியிருப்பாள்.

இடைவேளை விட்டதும் மற்றவர்கள் மரத்தடிக்குப் போனார்கள். "நீங்க பேசிட்டு வாங்கக்கா, உங்க சாண்ட்விச்சை நான் காவல் காக்கறேன். நம்பிக்கை இருந்தா" என்று வாயாடியும் போய்விட்டாள். இவள் அந்த வீட்டு முற்றத்தில் நின்று போன் போட்டாள். ஆச்சரியம், குட்டி தயாராக உட்கார்ந்திருந்தாள். தங்கையின் மடியில், தலையை இழுத்துப் பின்னிக்கொண்டு, கண்ணை அகல விரித்து.

"காட்டு, காட்டு" என்றாள்.

இவள் போனைத் திருப்பி வாசலைக் காட்டினாள். தெருவைக் காட்டினாள்.

"கதவு எங்க?"

"மரக் கதவு கண்ணு. மக்கிப் போயிடுச்சு."

"யாரு உடைச்சா?"

"யாரும் உடைக்கல. ரொம்ப நாளாச்சுல்ல, தானா விழுந்துடுச்சு."

"பொய். தானா எப்படி விழும்? யாரோ உடைச்சிட்டு உன்கிட்ட சொல்லல."

இவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சாக்கடையைக் காட்டினாள். குட்டி மூக்கைப் பொத்திக்கொண்டாள். அடுப்பைக் காட்டினாள். குட்டி, தீ எங்கே என்று கேட்டாள். மேஜைக்கடியில் ஓடவில்லை, பொம்மை ஞாபகம் வரவில்லை. எத்தனை மாதத்துக்குப் பிறகு இப்படிப் பேசுகிறாள் என்று இவள் நினைத்துக்கொண்டாள். உள் அறைக்குள் போய், நாலு பக்கமும் போனைச் சுற்றிக் காட்டினாள்.

"என் கட்டில் எங்க?" என்றாள் குட்டி.

"எந்தக் கட்டில்?"

"நீ வாங்கி வெச்சிருக்கியே. எனக்கு."

இவளுக்கு ஒரு கணம் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. போன் அம்மா வந்து உன்னைக் கூட்டிட்டுப் போவா, அங்க உனக்குக் கட்டில் எல்லாம் வாங்கி வெச்சிருக்கா என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறார்கள். இன்றைக்குப் போன் அம்மா ஒரு வீட்டைக் காட்டுகிறாள். குழந்தை இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போட்டிருக்கிறது.

"ஐயோ கண்ணு, இது என் வீடு இல்ல. என் வீடு வேற. அங்க ஜன்னல் இருக்கு, கீழ ரொட்டிக் கடை இருக்கு..."

"மேல ஒண்ணுமே இல்ல" என்றாள் குட்டி. உதடு பிதுங்க ஆரம்பித்துவிட்டது. "மழை வந்தா நனைஞ்சிடுவேன். நான் வரமாட்டேன்."

"இல்லடா, இங்க இல்ல. அம்மா உன்னை இங்க கூட்டிட்டு வருவேனா?"

"அம்மா இங்க இருக்கா" என்று குட்டி தங்கையின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"அது சித்திடா, கண்ணு."

"சித்தின்னா யாரு?"

இவள் வாயைத் திறப்பதற்குள் குட்டி போனைத் தள்ளிவிட்டாள். போன் எங்கேயோ மல்லாக்க விழுந்தது. தங்கை வீட்டுக் கூரை தெரிந்தது. மின்விசிறி மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது, பக்கத்தில் நீர்க் கசிவின் பழுப்பு. குழந்தையின் குரல் மட்டும் கேட்டது.

"அம்மா, என்னை அனுப்பாத. நான் சமத்தா இருக்கேன். பாலை முழுசா குடிச்சிடறேன். பொம்மையை உடைக்கமாட்டேன். அனுப்பாத அம்மா."

"இல்லடி தங்கம். அழாத. யாரும் அனுப்பல..." என்றது தங்கையின் குரல். "அவங்கதான் உன்..."

குற்றத்துக்குத் தண்டனையாகத் தன்னை அந்தப் பாழ் வீட்டுக்கு அனுப்புகிறார்கள் என்று குழந்தை நினைக்கிறது. பெற்றவளிடம் வருவது அவளுக்குத் தண்டனை. இவள் அடுப்பின் பக்கத்தில், அளந்து முடித்த அந்தக் குட்டைச் சுவரின்மேல் உட்கார்ந்தாள். கோபம் வந்தது, யார்மேல் என்று தெரியவில்லை. தூங்கும்போது கிளம்பு என்று சொன்னவர்கள்மேல் வந்தது, கிளம்பிய தன்மேல் வந்தது. தங்கைமேல் மட்டும் வரவில்லை, எவ்வளவு தேடியும் வரவில்லை.

போன் நிமிர்ந்தது. தங்கையின் முகம், கண்ணெல்லாம் சிவந்து.

"அக்கா, நான் அப்புறமா கூப்பிடறேன். நான் புரிய வெக்கறேன்க்கா. மெதுவா சொல்லி..."

"என்னன்னு சொல்லுவ?"

தங்கை குட்டியின் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

"அவகிட்ட கொடு" என்றாள் இவள். "அழற குழந்தையை அப்படியே விட்டுட்டுப் போனா ராத்திரி தூங்கமாட்டா. கொடு."

ஒருமுறை தூங்கும்போது விட்டுவிட்டுப் போனவள். இந்தத் தடவை அழும்போது விட்டுவிட்டுப் போக அவளுக்கு மனசு வரவில்லை. தங்கை போனைப் பிடித்தாள். குட்டி திரும்பவில்லை, பின்னல் மட்டும் தெரிந்தது.

"கண்ணு, நான் சொல்றதைக் கேளு. உன்னை யாரும் எங்கேயும் கூட்டிட்டுப் போகமாட்டாங்க. நீ அங்கதான் இருப்ப. உங்க அம்மாகிட்ட."

பின்னல் அசையவில்லை.

"நான் போன் அம்மா இல்ல. அது சும்மா விளையாட்டுக்குச் சொன்னது." அவள் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "நான் உன் பெரியம்மா."

"அக்கா!" என்று தங்கை அலறிய குரலில் போன் குலுங்கியது. "என்னக்கா பேசற? வேணாம்க்கா!"

"நீ சும்மா இரு" என்றாள் இவள்.

குட்டி மெதுவாகத் திரும்பினாள். மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது.

"பெரியம்மான்னா?"

"உங்க அம்மாவோட அக்கா."

குட்டி தங்கையை நிமிர்ந்து பார்த்தாள். சரிபார்க்கிறாள். தங்கை அழுதபடியே தலையை ஆட்டினாளா இல்லையா என்று இவளுக்குத் தெரியவில்லை. குழந்தைக்கு அது போதுமாக இருந்தது. புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"நிஜமா கூட்டிட்டுப் போகமாட்டீங்களா?"

"மாட்டேன்."

"அப்ப சரி" என்றாள் குட்டி.

பயம் விட்டதும் அவள் வேறு பிள்ளையாகிவிட்டாள். அடுப்பை இன்னொரு தரம் காட்டச் சொன்னாள். பள்ளிக்கூடத்தில் ஒரு பையன் சுவரில் கிறுக்கி அடி வாங்கியதைச் சொன்னாள். பொம்மையைத் தூக்கி வந்து, "பெரியம்மாவுக்கு டாட்டா சொல்லு" என்று அதன் கையை ஆட்டினாள். அப்பா கடையிலிருந்து கொண்டுவந்த ஒரு பெரிய திருகாணியைக் காட்டினாள், அது தன் சொத்து என்றாள். இவ்வளவு பேச்சு குட்டியிடம் எங்கே இருந்தது? இரண்டு வருஷமாக இவள் ஏங்கிக் கிடந்தது இந்தப் பேச்சுக்குத்தான். மரத்தடியிலிருந்து வாயாடி கை காட்டிக் கூப்பிட்டாள். பேராசிரியர் எழுந்து தொப்பியைப் போட்டுக்கொண்டார். இவள் யாரையும் பார்க்கவில்லை. குட்டி கேட்ட இடத்தையெல்லாம் காட்டிக்கொண்டு அறை அறையாக நடந்தாள்.

"பெரியம்மா, உங்க வீட்ல பாப்பா இருக்கா?"

தங்கை போனைச் சட்டென்று மறு கைக்கு மாற்றினாள், படம் ஆடியது.

"இல்லடா கண்ணு."

"ஒண்ணுகூட இல்லயா?" குட்டிக்கு அது பாவமாக இருந்தது. முகத்தைப் போனுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தாள், கண்ணாடிமேல் உதட்டை வைத்து சத்தமாக ஒரு முத்தம் கொடுத்தாள். "நாளைக்கும் போன் பண்ணுங்க. நான் உங்ககூடப் பேசறேன்."

பண்ணுகிறேன் என்றாள் அவள்.